எலும்புத்தூளும் பயற்றுக் கொடியும்

பழவங்காடியில் நெடுமங்காடு பஸ் ஏறும்போது என்னோடு எலும்புத்தூள் மூட்டை இருந்தால், பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். மூட்டை என்னவோ பஸ்ஸின் கூரைமேல்தான் கிடக்கும். ஆனால் அதைத் தூக்கிக் கொடுத்தவனின் சட்டையிலும் கையிலும் வாடை ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். வேகவைத்து, உலர்த்தி, அரைத்த எலும்பின் வாடை. அழுகல் நாற்றம் என்று சொல்ல முடியாது. நனைந்த சுண்ணாம்பும் பழைய தோலும் சேர்ந்ததுபோல் இருக்கும். கண்டக்டர் பின் ஸீட்டைக் காட்டுவான். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, பின் ஸீட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கலாம் என்பதே போதுமானதாகத் தெரிந்தது.

நான் திருவிதாங்கூர் கரமனை அக்ரகாரத்துக்காரன். விவசாய இலாகாவில் டெமான்ஸ்ட்ரேட்டர் உத்தியோகம். புது விதையையும் புது உரத்தையும் குடியானவர்களுக்குச் செய்து காட்டுவதுதான் வேலை. அதுவரை நெல் வயல்களில் அலைந்துகொண்டிருந்த என்னை, யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மேய்ச்சல் குன்றுக்கு அனுப்பினார்கள்.

குன்று நெடுமங்காட்டைத் தாண்டி இருந்தது. பஸ் விட்ட இடத்திலிருந்து நல்ல நடை. மேலே ஏறி நின்றால் போனக்காட்டு மலைகள் நீலமாகத் தெரியும். சர்க்கார் புறம்போக்கு; சுற்று வட்டாரத்துப் பசுக்கள் எல்லாம் அங்கேதான் மேய்ந்தன. மண்ணைத் தோண்டினால் ஒரு சாண் ஆழத்தில் வெட்டுக்கல் என்கிற செம்பாறை. வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழையில் குன்று முழுவதும் பச்சையாக இருக்கும். தைப்பொங்கலுக்குள் காய்ந்துவிடும். அதற்குமேல் மாடுகள் அங்கே மேயவில்லை, நடந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

என் மேலதிகாரி மலையாளி, நல்ல மனுஷர். சீமைப் பத்திரிகை ஒன்றில் மேய்ச்சல் நிலத்துக்கு உரமிட்டுப் பயறு வகைகளைக் கலந்து விதைத்தால் புல்லும் பெருகும், பாலும் பெருகும் என்று படித்திருந்தார். படத்தையும் காட்டினார். இடுப்பளவு தீவனத்தில் பசுக்கள் நின்றுகொண்டிருந்தன. நம் குன்றையும் அப்படி ஆக்க வேண்டும் என்றார். நான் அந்தப் படத்தில் வானத்தைப் பார்த்தேன். வெயிலே இல்லை.

முதல் வருஷம் அம்மோனியம் சல்பேட் மட்டும் கொடுத்தார்கள். சர்க்கரைபோல் வெள்ளையாக இருக்கும். மழை தொடங்கியதும் குன்றின் ஒரு பாகத்தில் வீசினேன். புல் கரும்பச்சையாகக் கிளம்பிற்று. அதிகாரி வந்து பார்த்து என் தோளில் தட்டினார். பெரிய மழைகள் வந்தபோது உரம் கரைந்து சரிவோடு போயிற்று. மிஞ்சிய புல் தண்டு முற்றிக் கரகரப்பாகிவிட்டது. கும்ப மாதத்தில், அதாவது மாசியில், உரம் போட்ட இடம் எது, போடாத இடம் எது என்று எனக்கே தெரியவில்லை.

அந்தக் கும்ப மாதத்தில்தான் அந்தப் பசுக்காரியை முதலில் பார்த்தேன். ஒரு சிவப்புப் பசுவின் வாயைப் பிளந்து, கையை உள்ளே விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். மெலிந்த, உயரமான பெண்பிள்ளை.

"விடுட்டீ, விடு! சவத்து மூதி, இத வச்சு நீ என்ன செய்யப் போற?"

பசு விடவில்லை. கடைசியில் அவள் வெளியே இழுத்தது ஒரு விலா எலும்பு. நரி தின்றுபோட்ட ஆட்டினுடையதாக இருக்கும். என்னைப் பார்த்ததும் எலும்பை மறைக்கவில்லை, தூக்கிக் காட்டினாள்.

"பாத்தியளா சாமி? அன்னைக்கு எம் பழைய சீலையத் தின்னுது. இன்னைக்கு இது. எவளோ கண்ணு வச்சுட்டா."

"கண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை. புல்லுல இருக்க வேண்டிய சத்து இல்லை. மண்ணுலயே இல்லை. அதாக்கும் பசு எலும்பைத் தேடறது."

"மாடு எலும்புக்கு ஏங்குதாக்கும்! நல்லாருக்கு சாமி ஞாயம். நாயி புல்லுத் திங்குதும்பீய அடுத்தாப்புல."

"நாய் புல்லுத் தின்னு நீ பாத்ததில்லியா?"

ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். முன்பற்களில் ஒன்று இல்லை.

அவள் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். சின்ன வயதிலேயே போனக்காட்டு எஸ்டேட்டுக்குக் கொழுந்து கிள்ளப் போனவள். புருஷன் அங்கே காய்ச்சலில் இறந்தபிறகு, மகளை எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, குன்றின் அடியில் குடிசை போட்டுப் பசு வளர்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டோரச் சாயாக்கடைக்கு அவள்தான் பால் ஊற்றினாள். அந்த வட்டாரத்தில் பசு வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அவள் வாய்க்குப் பயம்.

மாடு எலும்பு கடிப்பதைப் பற்றிப் புஸ்தகத்தில் படித்திருந்தேன். கண்ணால் கண்டது அன்றுதான். பிறகு பார்த்தால், குன்றில் பல மாடுகள் கல்லை நக்கின, மண்ணைத் தின்றன, முழங்கால் வீங்கி நொண்டின. எலும்பில் இருக்கிற மணிச்சத்து அந்த மண்ணில் இல்லை. அது இல்லாவிட்டால் பயறும் வளராது. அதிகாரியிடம் எலும்புத்தூள் வேண்டும் என்று கேட்டேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

"நீர் பிராமணனல்லே? ஆத்துல சம்மதிக்குமோ?"

"ஆத்துல சொல்லிக்கறேன் சார்," என்றேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி நறுக்கின தடியங்காய்.

"எந்த எலும்பு?"

"எல்லா எலும்பும்தான்."

"கேட்டிருக்க வேண்டாம். கேட்டுட்டேன்," என்றாள். மீதிக் காயையும் நறுக்கி முடித்துவிட்டுச் சொன்னாள்: "ஆத்துல குளிச்சுட்டு வாங்கோ. அந்தத் துணியோட வாசப்படி ஏறப்படாது. அவ்வளவாக்கும் எனக்கு."

அவள் ஆறு என்றது கரமனை ஆற்றை. எலும்புத்தூள் போட்ட நாட்களில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் படித்துறைக்குப் போவேன். காலையில் நடை, பகலெல்லாம் வெயில், மாலையில் குளிர்ந்த தண்ணீர். முங்கி எழும்போது பல் கிட்டிக்கொள்ளும். ஈரத்தோடு வீட்டுக்கு நடக்கையில், உத்தியோகத்தைவிட இந்தக் குளியல்தான் என்னைக் களைப்பாக்குகிறது என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

குன்றில் வேலைக்கு வந்தவர்கள், மூட்டையில் இருப்பது இன்னது என்று தெரிந்ததும் கூடைகளைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று முழுக்க நான் ஒருவனே வீசினேன். காற்று எதிர்த்து அடித்தபோது தூள் கண்ணிலும் வாயிலும் போயிற்று. மறுநாள் பாதிப்பேர் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

உரம் போட்டபின் விதை. நமக்குத் தெரிந்த காணம் என்கிற கொள்ளும் நரிப்பயறும் ஒரு பங்கு. இன்னொரு பங்கு, ரப்பர் தோட்டங்களில் மரங்களுக்கு நடுவே மண்ணை மூடுவதற்காக வளர்க்கிற பயற்றுக் கொடி. ஒரு தோட்டத்து மானேஜரைக் கெஞ்சி அதன் விதையை வாங்கிவந்தேன். தோல் கெட்டியான விதை. வெந்நீரில் ஊறவைக்காவிட்டால் மண்ணில் சும்மாவே கிடக்கும். அந்தக் கொடி ஏற்கெனவே வளர்ந்த இடத்து மண்ணைக் கொஞ்சம் கலந்து விதைத்தால்தான் வேரில் காற்றின் சத்தைப் பிடிக்கிற முடிச்சுகள் உண்டாகும் என்பதால், தோட்டத்து மண்ணையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் ஒருவர், "அவிட மண்ணில்லே?" என்று கேட்டார். அங்கே மண் இல்லையா என்று. எனக்குப் பதில் சொல்ல அலுப்பாக இருந்தது. இல்லை என்றேன்.

விதையை ஊறவைத்தது வீட்டில்தான். குளிக்க வெந்நீர் போடும் பெரிய செம்புத் தவலையில் என் மனைவி தண்ணீர் கொதிக்கவைத்து, இறக்கி, விரல் விட்டுப் பார்த்துப் பதம் சொல்லுவாள். எலும்பில் அவளுக்கு இருந்த அருவருப்பு விதையில் இல்லை. "இது பயறுதானே," என்பாள். ஊறின விதைகள் உப்பிக்கொண்டு வரும்போது, அள்ளிப் பார்த்துச் சந்தோஷப்படுவாள். ஊறாமல் கல்லாகவே நின்றதைத் தனியே பொறுக்கி மறுபடியும் வெந்நீரில் போடுவாள்.

எலும்பு சமாசாரம் எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஆவணியில் ஒரு வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்காரப் போனபோது, கோயில் காரியங்களில் இருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து மரியாதையாகவே சொன்னார்: "நீர் அந்தக் கோடியில் உக்காந்துக்கோரும். தப்பா நினைக்கப்படாது." நான் கோடியில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் பக்கத்து இலைக்கும் நடுவே இன்னோர் இலை போடலாம். சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் வந்தன. சாப்பிட்டேன். பசி இருந்தது.

வீட்டுக்கு வந்தால், என் மனைவி அடுக்களையில் தரையில் உட்கார்ந்து பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கட்டியிருந்த பட்டுப்புடவையை மாற்றக்கூட இல்லை.

"ஏன், அங்க சாப்பிடல்லியா?"

"அவர் உங்ககிட்டச் சொன்னது உள்ள எனக்கும் கேட்டுது. கை நனைக்காம வந்துட்டேன்." ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றாள். "நீங்க சாப்பிட்டேளா?"

"சாப்பிட்டேன்."

"பாயசம் நன்னா இருந்துதா?"

"நன்னா இருந்தது."

"அதான் ஒரு வருத்தம்," என்றாள். இருவரும் சிரித்தோம். அவளுக்குச் சிரிப்பு முடியும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. அதன்பின் அவள் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை.

விதைத்த பாகத்துக்கு முள்வேலி போட்டேன். கொடி பூத்துக் காய்த்து விதை சிந்தும்வரை மாடு நுழையக்கூடாது. முதல் வருஷமே மேய்ந்துவிட்டால் அடுத்த வருஷம் ஒன்றும் இருக்காது. வேலி போட்ட அன்று காலையிலேயே பசுக்காரி வந்துவிட்டாள். பின்னால் வேறு சிலரும் நின்றார்கள். அவர்கள் மலையாளத்தில் முணுமுணுத்தார்கள். அவள் தமிழில் கத்தினாள்.

"குன்றுல பாதிய அடச்சுட்டீய! மிச்சப் பாதியில எத்தன வாய் மேயும்? எங்க மாடு காத்தத் தின்னுட்டுப் பாலு குடுக்குமா?"

"ஒரு வருஷம் பொறுத்துக்கோ."

"ஒரு வருஷம் ஒங்க சம்பளத்த நிறுத்தச் சொல்லுதேன். பொறுத்துக்கிடுதியளா?"

அவள் சொன்னது நியாயம். வேலி இல்லாமல் முடியாது என்பதும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் அந்த மழைக்காலம் முழுவதும் குன்றில் ஏறி இறங்கினேன்.

கொடி நன்றாகவே வந்தது. எலும்புத்தூள் போட்ட இடத்தில் இலை அகலமாக, மயிர் அடர்ந்து, புல்லின்மேல் ஏறிப் படர்ந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரில் மிளகு மிளகாக முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். எனக்கே கொஞ்சம் நிமிர்ந்து நடக்கத் தோன்றியது. அதிகாரிக்குச் சொல்லி அனுப்பினேன்.

அவர் நகரத்திலிருந்து காரில் வந்தார். கூட இரண்டு பெரிய உத்தியோகஸ்தர்கள். பசு தின்பதைக் காட்டுவதற்காக, அவளிடம் கேட்டு அந்தச் சிவப்புப் பசுவை வேலிக்குள் விடச் செய்தேன். பசு உள்ளே வந்தது. கொடியை முகர்ந்தது. மூக்கால் ஒதுக்கிவிட்டு, அடியில் இருந்த புல்லைத் தேடித் தேடித் தின்றது. வேறொரு பசுவை விட்டோம். அதுவும் அப்படியே. இலையில் இருந்த மயிர் அவற்றுக்குப் பிடிக்கவில்லை.

"எந்தாடோ இது? பசு தொடுந்நே இல்லல்லோ!" என்றார் அதிகாரி. பசு தொடவே இல்லையே என்று. மற்ற இருவரும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் மட்டும் சும்மா இருக்கவில்லை. "சாமி, ஒங்க கொடிய நாயிக்குப் போட்டுப் பாருங்க," என்றாள்.

கார் போனபிறகு நான் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து பஸ்ஸுக்கு நடக்க வேண்டும் என்ற நினைப்பே பாரமாக இருந்தது. அடுத்த மாதமே ஸ்கீமை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு ஓர் உத்தரவு வேண்டும். அதை யாரும் போடவில்லை. நானும் போய்க்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் பெய்கிற துலாவர்ஷ மழையும் போயிற்று. புல் வழக்கம்போலக் காய்ந்தது. கொடி மட்டும் வேலிக்குள் பச்சையாகவே நின்று காய்த்து, காய்கள் முற்றி, வெடித்துச் சிந்திக்கொண்டிருந்தன. கும்பத்தில் ஒருநாள் போனேன். வேலி ஓரிடத்தில் சாய்ந்திருந்தது. உள்ளே அவளுடைய மாடுகள்.

அவை மேய்ந்துகொண்டிருந்தன. மழைக்காலத்தில் மூக்கால் ஒதுக்கிய கொடியை, நாக்கைச் சுழற்றி இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றன. நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஓடவில்லை. கையில் அரிவாளும் இடுப்பில் கையுமாகச் சண்டைக்குத் தயாராக நின்றாள்.

"ஆமா, நாந்தான் வேலியச் சாச்சேன். மாட்டுப் பவுண்டுல கொண்டுபோய் அடைக்கணுமா? அடையுங்க. பட்டினி கெடந்து சாகறதுக்கு அங்க போய்ச் சாகட்டும்."

"சத்தம் போடாதே. அது தின்னட்டும்."

"என்னது?"

"தின்னட்டும்னேன். எதை முதல்ல தின்னுது? இலையையா, காயையா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். பிறகு அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அவளும் உட்கார்ந்தாள். இருவரும் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புல் இளசாக இருந்தவரை அவை கொடியைச் சட்டை செய்யவில்லை. வேறொன்றும் இல்லாதபோது அது அவற்றுக்கு ருசித்தது. படத்தில் இருந்த சீமைப் பசுக்களுக்கு இந்தக் கோடை கிடையாது. நமக்கு வேண்டியது கோடையில் பச்சையாக நிற்கிற ஒன்று. அது எங்கள் கண்முன்னாலேயே நின்றுகொண்டிருந்தது.

"விதை கொட்டியாச்சு. இனிமே மேயலாம்," என்றேன். "மழைக்கு மூடிவைப்போம். காய் வெடிச்சதும் திறப்போம். ஆனா எல்லா மாடும் ஒண்ணா நுழைஞ்சா ஒரு வாரத்துல மொட்டையாயிடும். முறை வச்சு விடணும். யார் சொன்னா கேப்பா?"

"நாஞ் சொன்னாக் கேப்பாவ," என்றாள் அவள். சந்தேகமே இல்லாமல்.

கேட்டார்கள். மாட்டுக்காரர்களை அவள் எப்படிச் சரிக்கட்டினாள் என்று நான் முழுக்கப் பார்க்கவில்லை. ஒருநாள் ஒருவனை நடுரோட்டில் நிறுத்தி, அவன் பாட்டன்வரை இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவன் மாடு தன் முறைக்காக வேலிக்கு வெளியே காத்து நின்றது. அடுத்த மழைக்குக் குன்றின் மறு பாகத்திலும் எலும்புத்தூளும் விதையும் போட்டோம். அந்த வருஷம் மூட்டைகளை ரோட்டிலிருந்து மேலே கொண்டுபோக மாட்டுக்காரர்களே வந்தார்கள்.

இரண்டு மூன்று கோடைகள் அப்படிப் போயின. பால் பொங்கி வழிந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன். கோடையில் வற்றிப் போகிற பசுக்கள் வற்றாமல் இருந்தன. நாழி கறந்தது நாழியும் உரியுமாக, ஒன்றரை நாழி கறந்தது. கன்றுகள் அதிகம் சாகவில்லை. ஒருநாள் அவள் தானாகவே சொன்னாள்: "செவலை எலும்பு பொறுக்கறத விட்டுட்டுது சாமி. சீலையும் தப்பிச்சுது." அதைச் சொல்லும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள், பாராட்டு என்று நான் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதுபோல.

அப்போதும் நான் களைத்துத்தான் இருந்தேன். சந்தோஷமான களைப்பு என்று சிலர் சொல்லுவார்கள். எனக்குக் களைப்பு ஒரே மாதிரிதான் இருந்தது. அட்டை கடித்த கால், படித்துறையில் குளிர், காலையில் மறுபடி பஸ். பசுக்கள் கொழுத்தால் முழங்கால் வலி குறைந்துவிடுமா?

யுத்தம் வந்தது. முதலில் எங்களுக்கு அது எலும்புத்தூள் வராமல் போனதாகத்தான் தெரிந்தது. பிறகு பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரியில் ஓட ஆரம்பித்து, ஏற்றத்தில் நின்று, நாங்கள் இறங்கித் தள்ளினோம். பிறகு பர்மா அரிசி நின்றுவிட்டது. திருவிதாங்கூருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதை அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரமனையில் ரேஷன் கடை வாசலில் பட்டுக்கரை வேஷ்டிக்காரர்களும் கூலிக்காரர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். பந்தியில் என்னைக் கோடிக்கு அனுப்பிய பெரியவர் ஒருநாள் எனக்கு முன்னால் நின்றார். கால் தள்ளாடியது. அவர் பையை நான் வாங்கிக்கொண்டேன்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். முகம் வற்றியிருந்தது.

"மேய்ச்சல் நிலமொக்கே கிருஷிக்குக் கொடுக்கணும்னு உத்தரவு. மரச்சீனி. உம்ம குன்றும் உண்டு." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உம்ம குன்றுதான் முதல்ல. அவிடத்தெ மண் நல்லதாக்கும்னு நான்தன்னே எழுதிப் போயி."

மண் நல்லது என்று அவரே எழுதிவிட்டாராம். மண் நன்றாக இருந்தது உண்மை. பயற்றுக் கொடி வருஷக்கணக்கில் இலை உதிர்த்து மக்கி, மேல்மண் கறுத்து, காலை வைத்தால் மெத்தென்று இருந்தது. மாட்டுக்காக நான் சேர்த்த சத்தெல்லாம் அங்கே இருந்தது. மரவள்ளிக் கிழங்குக்கு இதைவிட என்ன வேண்டும்?

குன்றுக்குப் போகும்போது அவள் என்ன சொல்லுவாள் என்பதையே நினைத்துக்கொண்டு போனேன். முதல் வேலிக்கே அவ்வளவு சண்டை போட்டவள். அவளைச் சமாதானப்படுத்த வாசகங்கள்கூடத் தயார் செய்திருந்தேன். ஒருவேளை அவள் எதிர்த்து நின்றால், எல்லாரையும் சேர்த்துக்கொண்டு சர்க்கார் கச்சேரிக்குப் போனால், உத்தரவு மாறக்கூடும் என்று ஓர் ஆசையும் எனக்குள் இருந்தது. என்னால் செய்ய முடியாததை அவள் செய்துவிடுவாள் என்று.

அவள் குடிசைக்கு முன்னால் மரச்சீனிக் கம்புகளைச் சாண் சாணாக வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். செய்தி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"எனக்கும் ஒரு துண்டு எழுதியிருக்கு சாமி. கெழக்குச் சரிவுல."

"மாடு?"

"ரெண்டு வித்துட்டேன். செவலைய மட்டும் வச்சிருக்கேன்." கம்பு வெட்டுவதை நிறுத்தவில்லை. "ஏன் சாமி அப்பிடிப் பாக்குதீய? பாலு இருக்கு. பாலுக்குள்ள போட அரிசி எங்க இருக்கு? சாயாக்கடைக்காரனே கடையப் பூட்டிட்டான். மனுசன் திங்காம மாடு தின்னு என்னத்துக்கு?"

அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. வீட்டில் என் மனைவி கஞ்சியில் தண்ணீரை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அன்று அந்த இடத்தில் நின்றபோது, அத்தனை வருஷத்து ஏற்ற இறக்கமும் ஒரேயடியாகக் காலில் இறங்கினதுபோல் இருந்தது. "கம்பை எவ்வளவு தள்ளித் தள்ளி நடணும் சாமி?" என்று கேட்டாள். சொன்னேன். குன்றில் மண்வெட்டிகள் விழுந்துகொண்டிருந்தன. கொடியைச் சுருட்டிக் கம்பு நடும் மேட்டுக்கு அடியில் போட்டுப் புதைத்தால் உரமாகும் என்றும் சொன்னேன். அதையும் கேட்டுக்கொண்டு அப்படியே செய்தாள். மற்றவர்களையும் அதட்டிச் செய்யவைத்தாள்.

கிழங்கு, நான் அந்த வட்டாரத்தில் எங்கும் பார்த்திராத அளவுக்கு விளைந்தது. ஒரே செடியின் மூட்டில் பிடுங்கியதை ஒருவன் தோளில் சுமந்துபோவதைப் பார்த்தேன். அந்த வருஷம் குன்றைச் சுற்றி யாரும் பட்டினியால் சாகவில்லை. பக்கத்து ஊர்களில் செத்தார்கள். அதிகாரிக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது என்று கேள்விப்பட்டேன். அவர் எனக்கும் நல்ல வார்த்தை சொன்னார். மேய்ச்சல் ஸ்கீமைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அவள் எனக்கு ஒரு கூடை கிழங்கு கொடுத்தனுப்பினாள். அக்ரகாரத்து அடுக்களையில் அதுவரை மரச்சீனி நுழைந்ததில்லை. என் மனைவி அதை வேகவைத்து, தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்துக் கலந்து வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இதுக்கும் எலும்பு போட்டேளா?" என்று கேட்டாள்.

"முன்னாடி போட்டது. மண்ணுல இன்னும் இருக்கும்."

"இருக்கட்டும்," என்று இன்னொரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த மழைக்கு முன்பே பசுக்காரி போனக்காட்டுக்கு ஏறிவிட்டாள். எஸ்டேட்டில் வேலைக்காரர்களுக்குத் தனியாக அரிசி அளந்தார்கள். மகள் வரச் சொல்லிவிட்டாள். செவலையை ஒரு கயிற்றில் பிடித்துக்கொண்டு மலைப்பாதையில் நடந்து போனாள் என்று சொன்னார்கள். நான் அன்று குன்றில் இல்லை. இருந்திருந்தால் என்ன பேசியிருப்போம் என்றும் தெரியவில்லை. சரிவில் கிழங்கு பிடுங்கிப் பிடுங்கி மண் இளகி, மழையோடு இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் போகத்தில் விளைச்சல் பாதிக்கும் கீழே போயிற்று. அதற்குள் என்னை அங்கிருந்து மாற்றியிருந்தார்கள்.

மாற்றலுக்கு நடுவில் கொஞ்சம் லீவு கிடைத்தது. உத்தியோகத்தில் சேர்ந்தபின் நான் எடுத்த முதல் லீவு அதுதான். எங்கும் போகவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன். பகலிலும் தூங்கினேன். என்னைப் பார்க்க வந்தவர்களையெல்லாம் என் மனைவி வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். ஒருநாள் ஆபீஸிலிருந்து பியூன் வந்திருக்கிறான். புது இடத்துக்கு எப்போது வந்து சேருவேன் என்று கேட்டுவரச் சொன்னார்களாம்.

"அவர் தூங்கறார்," என்று அவள் சொன்னது அரைத்தூக்கத்தில் எனக்குக் கேட்டது. "எழுந்தப்புறம் வா."

அவன் மறுநாள் காலையில் வந்தான். நான் எழுந்திருந்தேன்.